ட்ராபிகாலியா, 1968: இதில் அரசியல் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 4

பிரேசிலின் ராணுவ ஆட்சிக் காலத்தில் வந்த முக்கியமான அரசியல் ஆல்பம் என்று 'ட்ராபிகாலியா ஓ பானிஸ் எட் சிர்கென்சிஸ்' பற்றிப் பல இடங்களில் படித்தேன். வரிகளை மொழிபெயர்ப்பில் தேடிப் பிடித்துப் படித்தால் ஏமாற்றம்தான். ஒரு பாட்டில் நீச்சல் குளம், மார்ஜரின், ஐஸ்கிரீம். இன்னொன்றில் கொலம்பஸின் கப்பல்கள். வேறொன்றில் அம்மாவின் இதயத்தை அறுத்து எடுக்கும் மகன். அரசாங்கத்தை எதிர்த்து நேராக ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை. இதை ஏன் அரசியல் ஆல்பம் என்கிறார்கள்?

ஜூன் 4, இரவு

வரிகளை மூடி வையுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் பாட்டின் முடிவை மட்டும் இரண்டு மூன்று முறை கேளுங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

சரி, முதல் பாட்டு. 'மிசெரேரே நோபிஸ்'. எங்கள்மேல் இரக்கம் வையும் என்ற லத்தீன் பிரார்த்தனை. தேவாலய ஆர்கன் போல ஒலி எழும்பும், அதன்மேல் சைக்கிள் மணி ஒன்று அடிக்கும். பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில் உற்சாகமாகப் பாடுகிறார். வரிகள் கவிஞர் கபினாம் எழுதியவை. மேஜை விரிப்பில் ஒயின் சிந்துகிறது, அப்புறம் அதே விரிப்பில் ரத்தக் கறை.

பாட்டு முடியும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பாட ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி 'பிரேசில்' என்று முடிக்கிறார்கள். அடுத்து அதே மெட்டில் 'ஃபுசில்', அதாவது துப்பாக்கி. அடுத்து 'கன்யாவ்', பீரங்கி. வேறு விளக்கம் எதுவும் கிடையாது. உடனே நிஜமாகவே பீரங்கி வெடிக்கும் சத்தம். இணையத்தில் கிடைக்கும் பல மொழிபெயர்ப்புகளில் இந்தப் பகுதி இருக்காது, அசை அசையாகப் பிரிந்து கிடப்பதால் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கண்ணில் படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இது எந்த நேரத்தில் பாடப்பட்டது என்று பாருங்கள். 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968 மார்ச் 28 அன்று ரியோவில் மாணவர்கள் சாப்பிடும் உணவு விடுதியில் காவல்துறை சுட்டதில் எட்சன் லூயிஸ் என்ற 18 வயது மாணவர் இறந்தார். மே மாதம் சாவோ பாலோவில் இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு. ஜூன் 26 அன்று ரியோ தெருக்களில் 'ஒரு லட்சம் பேர் பேரணி'. ஆல்பத்தின் இன்னொரு முக்கியப் பாடகரான கயெட்டானோ வெலோசோவும் ஜில்லும் அதில் நடந்தார்கள். அதை ஒட்டிய வாரங்களில்தான் இசைத்தட்டு கடைக்கு வந்தது. அன்று அதை வாங்கிப் போட்டவருக்குப் பீரங்கிச் சத்தம் எதைச் சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது முதலில் இடையிசைக்குத்தான் போகும், பாடகர் அப்புறம்தான். போர்த்துகீசியம் தெரியாத எனக்கு இந்த ஆல்பம் பிடிபட்டதே அந்த வழியில்தான். கேள்வி கேட்டவருக்கும் அதையே சொல்வேன். இங்கே அரசியலின் பாதி வேலையை இசைக்கோர்ப்பு செய்கிறது.

ஜூன் 6

அந்த இசைக்கோர்ப்பாளர் பெயர் ரொஜேரியோ துப்ராட். செல்லோ வாசித்தவர், ஐரோப்பாவின் நவீன இசைப் பள்ளியில் பாடம் கேட்டுத் திரும்பியவர், 1963-இல் 'புதிய இசை' அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். கச்சேரி மண்டபத்து ஆள். அவர் ராக் குழுவோடும் பாஹியாக்காரர்களோடும் (வடகிழக்கு மாநிலமான பாஹியாவிலிருந்து வந்த கயெட்டானோ, ஜில் போன்றவர்கள்) வந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

ஜூன் 7

"இது ஒரு பேண்டின் ஆல்பமா, தொகுப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. ஒரு கூட்டம் சேர்ந்து திட்டமிட்டுச் செய்த ஒரே வேலை இது. பாடியவர்கள்: கயெட்டானோ, ஜில், கால் கோஸ்டா, நாரா லெயாவ், டாம் ஸே, அப்புறம் சாவோ பாலோவின் ராக் குழுவான ஓஸ் முட்டான்டஸ் (ரீட்டா லீ, அர்னால்டோ பாப்டிஸ்டா, செர்ஜியோ டயஸ்). வரி எழுதிய கவிஞர்கள் டோர்குவாட்டோ நெட்டோ, கபினாம். தயாரிப்பு மனோயல் பாரென்பெய்ன், வெளியீடு பிலிப்ஸ். மொத்தம் 12 பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அட்டைப் படத்தை முழுத் திரையில் போட்டுப் பாருங்கள். பழைய பணக்காரக் குடும்பம் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் மாதிரி எல்லோரும் வரிசையாக அமர்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். எடுத்தவர் ஒலிவர் பெரோய். முன்னால் தரையில் ஜில், கண்ணைப் பறிக்கும் அங்கியில். கையில் கபினாமின் பட்டமளிப்புப் படம், ஏனென்றால் கபினாம் அன்றைக்கு வரவில்லை. நாராவும் வரவில்லை, அவருடைய படத்தைக் கயெட்டானோ மடியில் வைத்துப் பிடித்திருக்கிறார். கால் கோஸ்டாவும் டோர்குவாட்டோவும் அடக்கமான தம்பதி போல உட்கார்ந்திருக்கிறார்கள். முட்டான்டஸ் கையில் கிடார். டாம் ஸே தோல் பையோடு நிற்கிறார், வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து இறங்கியவர் தோற்றம். துப்ராட் கையில் கோப்பை மாதிரி பிடித்திருப்பது மூத்திரச் சட்டி.

வராதவர்களைப் படமாகச் சட்டமிட்டாவது உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குடும்பம், பாரம்பரியம் என்ற பெயரில் 1964-இல் ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆதரவாக ஊர்வலம் போன நாடு அது. அங்கே கறுப்பர், வெள்ளையர், கிராமத்தான், ராக் பிள்ளைகள், கச்சேரி வித்வான் எல்லோரும் சேர்ந்து 'இதுதான் எங்கள் குடும்பம்' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 11

கிடார் பற்றி எழுதாமல் இது புரியாது. 1967 ஜூலை 17 அன்று சாவோ பாலோவில் எலெக்ட்ரிக் கிடாருக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. பாடகி எலிஸ் ரெஜினா முன்னணியில். ஜில்லும் அதில் நடந்தார்! தேசிய இசையைக் காப்பாற்றுவது என்பது கோஷம். கயெட்டானோவும் நாராவும் ஹோட்டல் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1930-களின் பாசிச இன்டெக்ராலிஸ்ட் கட்சி ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று நாரா சொன்னதாகக் கயெட்டானோ பிற்பாடு எழுதியிருக்கிறார்.

சொன்னது யார் என்பதைக் கவனியுங்கள். போசா நோவா என்ற மென்மையான பிரேசில் இசைப் பாணி வளர்ந்ததே நாராவின் கொபகபானா வீட்டுக் கூடத்தில். 1964 கடைசியில், ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில மாதங்களில், ஸே கெட்டி, ஜோவாவ் டோ வாலே என்ற இரண்டு பேருடன் 'ஒபினியாவ்' என்ற மேடை நிகழ்ச்சியில் எதிர்ப்புப் பாட்டுப் பாடியவர். இடதுசாரி இசை ரசிகர்களுக்கு அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் ட்ராபிகாலியா என்ற இந்தக் கூட்டத்தின் பக்கம் வந்து நின்றது சாதாரண விஷயமா?

மூன்றே மாதம் கழித்து, அக்டோபர் 1967, டிவி ரெகார்ட் தொலைக்காட்சியின் பாட்டுத் திருவிழா. ஜில் முட்டான்டஸைக் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் கிடாரோடு மேடையேறி இரண்டாம் பரிசு வாங்கினார். இசைக்கோர்ப்பு துப்ராட். பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வில் வாத்தியத்தின் ஒலி ஒரு பக்கம், ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம். கயெட்டானோ ஓர் அர்ஜென்டினா ராக் குழுவோடு பாடி நான்காம் இடம். முதல் பரிசு பெற்ற பாட்டின் வரிகள் யாருடையவை தெரியுமா? இதே கபினாம்.

ஜூன் 12

மேலே ஒருவர் 'ட்ராபிகாலியா' என்ற பாட்டு இந்த ஆல்பத்தில் எத்தனையாவது என்று தேடுகிறார். இதில் இல்லை. அது கயெட்டானோவின் 1968 தொடக்கத்தில் வந்த தனி ஆல்பத்தில் இருக்கிறது. பெயரும் அவருடையது இல்லை. கலைஞர் ஹெலியோ ஒய்டிசிகா 1967-இல் ரியோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மணல், செடி, கிளிகள், உள்ளே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்று ஒரு நடைவழியை அமைத்து அதற்கு வைத்த பெயர்.

ஜூன் 15

அம்மாவின் இதயம். 'கொராசாவ் மாத்தெர்னோ'. கேள்வியில் இதை ஒதுக்கிவிட்டார்கள், எனக்கு மனசே ஆறவில்லை.

விசென்டி செலஸ்டினோ 1930-களில் பாடிய பாட்டு. காதலி விளையாட்டாக 'உன் அம்மாவின் இதயத்தைக் கொண்டு வா' என்கிறாள். அவன் ஓடிப்போய் அப்படியே செய்கிறான். திரும்பி ஓடி வரும்போது தடுக்கி விழுந்து கால் முறிகிறது. கையிலிருந்து விழுந்த இதயம் கேட்கிறது: அடிபட்டுவிட்டதா மகனே? இந்தக் கதை நம்மூரிலும் பள்ளிக்கூடத்தில் சொல்லப்படுவதுதான். என் அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் கதையைச் சொன்னேன், பாதியிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். பாடுபவர் ஏன் இவ்வளவு அமைதியாகப் பாடுகிறார் என்று மட்டும் கேட்டார்.

சரியான கேள்வி அது. செலஸ்டினோ பாடியது தொண்டை கிழிய, நாடக மேடைக் குரலில். போசா நோவா வந்தபின் படித்த நகரத்துக்காரர்கள் வெட்கப்பட்டு ஒதுக்கிய வகை. கயெட்டானோ அதை எடுத்து போசா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவிடம் கற்ற மெல்லிய குரலில் பாடுகிறார். துப்ராட்டின் தந்தி வாத்தியங்கள் முழு கௌரவத்தோடு பின்னால் நிற்கின்றன. கேலியா, பக்தியா என்று பலர் விவாதித்திருக்கிறார்கள். எனக்குக் கேலி கேட்கவில்லை. ஏழை வீடுகளில் ரேடியோ வழியாகக் கேட்டு அழுத பாட்டை, ரசனையின் பெயரால் வெளியே தள்ளிய பாட்டை, நாட்டின் மிக நவீனமான ஆல்பத்தில் இரண்டாவது இடத்தில் வைக்கிறார்கள். எது 'நல்ல' மக்கள் இசை என்று யார் முடிவு செய்வது என்ற சண்டை அது. செலஸ்டினோ அதே 1968 ஆகஸ்டில் காலமானார். இந்தக் குழுவோடு மேடையேற சாவோ பாலோவுக்கு வந்திருந்தபோது, ஹோட்டலில்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

கொலம்பஸ் பாட்டையும் விட்டுவிடக் கூடாது. 'மூன்று கப்பல்கள்' பழைய ஸ்பானிஷ் கேளிக்கைப் பாட்டு. கயெட்டானோ ஸ்பானிஷில், ஜில் போர்த்துகீசியத்தில், மாற்றி மாற்றி. துள்ளலாகக் கியூபாவின் பெயர் வருகிறது. கம்யூனிசத்தைத் தடுக்கவே வந்தோம் என்று சொல்லிக்கொண்ட ராணுவம் ஆளும் நாட்டில், 1968-இல், சிரித்த முகத்தோடு கியூபா கியூபா என்று பாடுவதற்கு ஒரு எழுத்துகூட மாற்றத் தேவைப்படவில்லை.

ஜூன் 20

ஒரு நண்பர் வலுவான கேள்வியோடு வந்திருக்கிறார். இவர்கள் அவ்வளவு அரசியல் என்றால் இடதுசாரி மாணவர்கள் ஏன் கூச்சலிட்டு விரட்டினார்கள்?

உண்மைதான். 1968 செப்டம்பர் 15, சாவோ பாலோ கத்தோலிக்கப் பல்கலைக்கழக அரங்கம். கயெட்டானோ பிளாஸ்டிக் உடையில், முட்டான்டஸ் பின்னால். தக்காளியும் முட்டையும் பறந்து வந்தன. கூட்டம் திரும்பி முதுகைக் காட்டியது, முட்டான்டஸும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வாசித்தார்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் கயெட்டானோ பேசிய பேச்சு ஒலிப்பதிவில் இருக்கிறது. கலையில் இருப்பது போலவே அரசியலிலும் நீங்கள் இருந்தால் நம் கதி அவ்வளவுதான் என்ற பொருளில் கத்துகிறார்.

கூச்சலை விடுங்கள், இலக்கிய விமர்சகர் ரொபெர்ட்டோ ஷ்வார்ஸ் எழுதிய விமர்சனம் கனமானது. 1964-க்குப் பிந்தைய கலாசாரம் பற்றிய கட்டுரையில் அவர் சொல்வதை என் சொற்களில் தருகிறேன்: பழசையும் அதிநவீனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்து அதுதான் பிரேசில் என்று காட்டினால், நாட்டின் பின்தங்கல் மாற்றவே முடியாத தலையெழுத்து போலத் தெரிய ஆரம்பிக்கும். மாற்ற வேண்டியதை வேடிக்கைப் பொருளாக்குவதாகும்.

இதைப் பல நாள் யோசித்தேன். 'ஜெலேயா ஜெரால்' பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும் என்றே இப்போது நினைக்கிறேன். டோர்குவாட்டோவின் வரிகள் அபாரம், ஆனால் ஜன்னலில் தொங்கும் உப்புக்கண்டமும் பிளாஸ்டிக் பலகையும் நாளிதழ்ப் பெயரும் மாட்டு நடனமும் வரிசையாக வந்து போகும்போது ஒரு கண்காட்சியைச் சுற்றி வந்த உணர்வு வரத்தான் செய்கிறது.

'மாமாய், கொராஜெம்' பாட்டுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அதே டோர்குவாட்டோ வரி எழுதி, கயெட்டானோ மெட்டமைத்து, கால் கோஸ்டா பாடியது. ஆரம்பத்தில் தொழிற்சாலைச் சங்கு. ஊரை விட்டு நகரத்துக்கு வந்த மகள் அம்மாவுக்குச் சொல்கிறாள்: அழாதே, நான் திரும்ப மாட்டேன், பொழுதுபோகாவிட்டால் நாவல் படி. வடகிழக்கிலிருந்து சாவோ பாலோவுக்குப் பஸ் ஏறிய லட்சக்கணக்கானவர்களின் பாட்டு. இங்கே எதுவும் உறைந்து நிற்கவில்லை, ஒருத்தி கிளம்பிவிட்டாள். ஷ்வார்ஸ் சொல்வதை ஆல்பம் முழுவதற்கும் பொதுவாக வைக்க முடியாது என்பேன்.

ஜூன் 21

நேற்று எழுதிய பின் மறுபடி 'என்குவான்டோ செவ் லோபோ நாவ் வெங்' கேட்டேன். 'ஓநாய் வராத வரை' என்ற குழந்தை விளையாட்டு. காட்டில் உலாவலாம் வா என்று அழைக்கிறார் கயெட்டானோ. உலாவும் இடம் ரியோவின் பிரெசிடென்டே வர்காஸ் சாலைக்கு அடியில். குண்டுகளுக்கு அடியில், கொடிகளுக்கு அடியில், பூட்ஸ் கால்களுக்கு அடியில். பின்னணியில் பெண் குரல்கள் ராணுவ பேண்டின் எக்காளம் பற்றிய ஒரு பழைய வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன. அந்த இடத்தில் பித்தளை வாத்தியங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கம்யூனிஸ்டுகளின் 'இன்டர்நேஷனல்' கீதத்தின் மெட்டு உள்ளே ஓடுகிறது! துப்ராட் அதை அங்கே நுழைத்திருக்கிறார். தணிக்கைக்குத் தாளில் எழுதி அனுப்பும் வரிகளில் ட்ரம்பெட் என்ன வாசிக்கிறது என்பது இருக்காது.

வாசிக்கிறவனாகச் சொல்கிறேன், ஒரு மெட்டை இப்படி ஒளித்து வைப்பது கடினம். சத்தம் கூடினால் மேற்கோள் துருத்திக்கொண்டு நிற்கும், குறைந்தால் யாருக்கும் கேட்காது. இங்கே தெரிந்தவருக்குக் கேட்கும், தெரியாதவருக்கு பேண்டு வாத்தியம்.

அடுத்து நாரா பாடும் 'லிண்டோனேயா' பற்றி. ரூபென்ஸ் கெர்ச்மனின் 1966 ஓவியத்தில் இருக்கும் பெண், காயம்பட்ட முகம், புறநகர் மோனாலிசா என்று பெயர். நாராவே கேட்டு எழுத வைத்த பாட்டு. மயக்கும் பொலேரோ தாளத்தில், தெருவில் செத்துக் கிடக்கும் நாய்கள், காவல் காக்கும் போலீஸ், காணாமல் போன ஒரு பெண். நேராக ஒரு வரிகூட இல்லை என்று கேட்டவர் இந்தப் பாட்டை மட்டும் மறுபடி படிக்க வேண்டும்.

ஜூன் 29

ராணுவத்துக்கு இது புரிந்ததா என்று கேட்டிருந்தார்கள். 1968 டிசம்பர் 13, ஐந்தாம் நிறுவனச் சட்டம். நாடாளுமன்றம் மூடப்பட்டது, ஆட்கொணர்வு உரிமை அரசியல் வழக்குகளில் பறிக்கப்பட்டது. டிசம்பர் 27 அன்று கயெட்டானோவையும் ஜில்லையும் சாவோ பாலோவில் பிடித்து ரியோ கொண்டுபோனார்கள். பல நாள் காரணமே சொல்லவில்லை. கடைசியில் விசாரித்தது, இரவு விடுதி நிகழ்ச்சி ஒன்றில் தேசிய கீதத்தைக் கேலியாகப் பாடினார்கள் என்ற வதந்தியை. அப்படி நடக்கவே இல்லை.

தலைமுடியை மழித்தார்கள். 1969 பிப்ரவரியில் வெளியே விட்டு பாஹியாவின் சால்வடார் நகரில் கண்காணிப்பில் வைத்தார்கள். ஜூலையில் கஸ்ட்ரோ ஆல்வெஸ் அரங்கில் கடைசிக் கச்சேரி நடத்திப் பயணச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு லண்டன் போனார்கள். திரும்பி வந்து குடியேறியது 1972-இல்.

அந்த ஜில்தான் 2003-இல் நாட்டின் கலாசார அமைச்சர். 2008 வரை.

ஜூலை 6

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமாக. டோர்குவாட்டோ 1972 நவம்பரில், 28-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டாம் ஸே பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார், 1990-இல் ராக் இசைக்கலைஞர் டேவிட் பைர்ன் அவருடைய தொகுப்பை வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. மற்றவர்கள் மறைந்த ஆண்டுகள்: நாரா 1989, துப்ராட் 2006, கால் கோஸ்டா 2022 நவம்பர், ரீட்டா லீ 2023 மே.

கால் கோஸ்டா இறந்த அன்று நான் 'பேபி'யைத்தான் போட்டேன். மார்ஜரின், ஐஸ்கிரீம் என்று கேள்வியில் வந்ததே, அதுதான். பாடகி மரியா பெத்தானியாவுக்காக அவர் அண்ணன் கயெட்டானோ எழுதியது, பெத்தானியா இந்த ஆல்பத்தில் சேராததால் கால் கோஸ்டாவுக்கு வந்தது. இதில் அரசியல் தேடி நான் அலைய மாட்டேன். ஒரு பொருளும் வாங்க முடியாத கோடிப் பேர் இருக்கும் நாட்டில் 'நீ தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று கடைப்பொருள் பட்டியலை அவ்வளவு ஆசையாகப் பாடுவதில் ஏதோ இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எனக்கு அது முதலில் ஒரு இளம்பெண்ணின் அழகான குரல், அப்புறம்தான் மற்றது.

ஜூலை 9

'பாட்-மகும்பா' பற்றிக் கேட்டவருக்கு: வரிகளை அச்சில் பாருங்கள். ஒவ்வொரு வரியாக ஓர் அசை குறைந்து குறைந்து நடுவில் ஒரே அசையில் வந்து நிற்கும், பிறகு திரும்ப வளரும். காகிதத்தில் வௌவால் சிறகு விரித்தது போல இருக்கும். சொற்களைக் காகிதத்தில் உருவமாக அடுக்கும் கான்க்ரீட் கவிஞர்களோடு பழகிய பழக்கம். ஆப்பிரிக்க வழிபாட்டின் பெயரும் அமெரிக்கப் படக்கதை நாயகனும் ராக் கூச்சலும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. துப்ராட் இல்லாமலேயே இது ஓடும், தாளமே போதும்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "ஒலியில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சொல்லில் வெளிப்படையாகக் கேட்கத்தான் எனக்குப் பிடிக்கும்" என்கிறார். தாராளமாக. அப்படியானால் 1993-இல் கயெட்டானோவும் ஜில்லும் சேர்ந்து செய்த 'ட்ராபிகாலியா 2' ஆல்பத்தில் முதல் பாட்டு 'ஹைட்டி'யிலிருந்து தொடங்குங்கள். சால்வடாரின் பெலோரின்யோ சதுக்கத்தில் கறுப்பின போலீஸ்காரர்கள் கறுப்பின இளைஞர்களை அடிப்பதை மாடியிலிருந்து பார்ப்பதாக ஆரம்பம். 1992 அக்டோபரில் சாவோ பாலோவின் கராண்டிரு சிறையில் கொல்லப்பட்ட 111 கைதிகளை எண்ணிக்கையோடு சொல்கிறார்கள். பாடுவதைவிடப் பேசுவது அதிகம், பின்னால் தாளமும் செல்லோவும் கொஞ்சம் ஒலிகளும்தான். ராணுவம் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது, எதையும் எழுத்துக் கூட்டி ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அதை முதலில் கேளுங்கள், மறுநாள் 1968 ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முதல் பாட்டிலிருந்து போடுங்கள். கலைத்துப் போட்டுக் கேட்டால் முதல் பாட்டின் பீரங்கிக்கும் கடைசிப் பாட்டான பொன்ஃபிம் ஆண்டவர் கீதத்தில் (பாஹியாவின் பக்திப் பாட்டு) வரும் பீரங்கிக்கும் உள்ள தொடர்பு போய்விடும்.